வெள்ளிக்கிழமை அழித்த கோப்பு

நாகவல்லிக்குச் சுத்தம் ஒரு வியாதி. வெள்ளிக்கிழமையானால் காரைக்குடியில் அவள் வேலை பார்க்கும் தனியார் ஆஸ்பத்திரியைக் கழுவிச் சாம்பிராணி போடுவார்கள். கணினி அறைக்குப் பொறுப்பான இவள் சர்வருக்குள்ளும் புகுந்து துடைப்பாள். காளையார்கோவில் பக்கத்து விவசாயி மகள். பதினோரு வருஷமாக அந்த லினக்ஸ் சர்வரைப் படுக்கவிட்டதில்லை என்ற கர்வம் வேறு.

அன்று காலை புதுப் பதிப்புகளை ஏற்றினாள். பல புரோகிராம்களுக்குப் பொதுவான துணைக்கோப்பை லைப்ரரி என்பார்கள். அப்படிப் பழையது ஒன்று இனி யாருக்கும் வேண்டாம் என்றது சர்வர். அழித்தாள். பிறகுதான், அதை ஏதாவது புரோகிராம் இன்னும் பிடித்துக்கொண்டு ஓடுகிறதா என்று பார்த்தாள். ஒன்று ஓடியது. நோயாளிகளின் பழைய குறிப்புகளைக் காட்டும் புரோகிராமுக்கு அதுதான் உயிர். அந்தப் புரோகிராம் என்றோ மூடிப்போன கம்பெனி கையால் ஏற்றிவிட்டுப் போனது, சர்வரின் பட்டியலில் அதற்குப் பேரே இல்லை; அதனால்தான் லைப்ரரி வேண்டாம் என்றிருக்கிறது. ஓடுகிறவரை ஓடும், ஒருமுறை நின்றால் எழாது.

குறிப்புகளுக்கு நகல் இருந்தது, லைப்ரரிக்கு இல்லை. இணையத்தில் தேடினாள். அத்தனை பழசை யாரும் வைத்திருக்கவில்லை.

அப்போது கரண்ட் போனது. மாதாந்திர மின்தடை, பேப்பரில் போட்டிருந்ததுதான். ஜெனரேட்டர் உறுமிவிட்டு அடங்கியது. யுபிஎஸ் பன்னிரண்டு நிமிஷம் தாங்கும்.

"மருதுபாண்டி அண்ணே, எம்புட்டு நேரமாகும்?" ஜன்னல் வழியே ஜெனரேட்டர்காரரிடம் கத்தினாள்.

"டீசல் குழாய் அடைச்சிருக்கு தாயி. செத்த பொறு!"

போன் அடித்தது. அவசரப் பிரிவு நர்ஸ் ஜனனி. "அக்கா, வலையபட்டியில இருந்து ஒருத்தரை காய்ச்சல் முத்தி நெனவில்லாமக் கொண்டாராக. பையில நம்ம ஆஸ்பத்திரி அட்டை இருக்காம். வந்ததும் பழைய குறிப்பு வேணும்க்கா."

நாகவல்லி போனை வைத்தாள். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதைதான். ஆனால் பிடிக்க வால் இருந்தது: அழித்தால் போவது பேர் மட்டும், பிடித்திருக்கும் புரோகிராம் நிற்கும்வரை கோப்பு சர்வரின் ஹார்டு டிஸ்க் வட்டில்தான் கிடக்கும். ஓடிக்கொண்டிருக்கிற அதன் பிடியிலிருந்தே நகல் எடுத்துவிடலாம்.

முதல் தடவை, ஓடும் புரோகிராமுக்குச் சர்வர் கொடுத்திருந்த எண்ணைத் தப்பாக அடித்தாள். யுபிஎஸ் கூவத் தொடங்கியது. சேலைத் தலைப்பில் விரல்களைத் துடைத்துக்கொண்டு மறுபடி அடித்தாள். நகல் வந்தது. அளவைச் சரிபார்த்து, பழைய இடத்தில் வைத்து, வட்டில் எழுதி முடிக்கச் சொன்னாள். முடிந்ததா என்று பார்ப்பதற்குள் திரை அணைந்தது.

ஜெனரேட்டர் கிளம்பியபோது வாசலில் ஆம்புலன்ஸ் சத்தம். சர்வர் மெல்ல எழுந்தது. குலதெய்வத்தைக் கூப்பிட்டபடி புரோகிராமைத் தொடங்கினாள். ஓடியது.

ஜனனி போனில் அட்டை எண்ணைச் சொன்னாள். ஏகப்பன், அறுபத்திரண்டு வயது. முதல் வரியே சிவப்பில்: பென்சிலின் ஒத்துக்கொள்ளாது.

"நல்லவேளைக்கா! டாக்டர் அந்த ஊசியத்தான் கையில எடுத்திருந்தாக. காப்பாத்திட்டீக!"

"இல்ல ஜனனி," என்றாள் நாகவல்லி. "காலையில அதை அழிச்சதே நாந்தேன்."