கம்பிக்குள் என் வீடு

என் மகள் பெரியவளானது, வெள்ளைக்காரன் காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலத்தில். நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி, ஒரே ஒரு கேட், அதில் துப்பாக்கியோடு காவல். வெளியாள் உள்ளே வர வேண்டுமென்றால் கணக்கெழுதும் கிராணியிடம் சொல்லி, துரை கையெழுத்துப் போட்ட சீட்டு வாங்க வேண்டும். தோட்டம் கம்பெனியுடையது, நாங்கள் படுத்தெழும்பும் வீடும் கம்பெனியுடையது. நாங்கள் வா என்றால் செல்லாது, துரை வா என்றால்தான் செல்லும். அதுதான் சட்டம்.

தாய்மாமன் வந்து பச்சை ஓலையில் குச்சு கட்டாமல் எங்கள் வீட்டில் சடங்கு கிடையாது. என் தம்பி சுங்கை சோ பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தான். நான் சீட்டுக் கேட்டிருக்கலாம். அந்த வாரம்தான் கிராணி, நான் வெட்டும் ரப்பர் பால் குறைகிறதென்று எல்லார் முன்னாலும் என்னை ஏசியிருந்தார். அவர் மேசை முன்னால் போய் நிற்க எனக்கு ரோஷம். கூடப்பிறந்தவன் என் வீட்டுக்கு வர எவன் கையெழுத்து வேண்டும்?

"வடக்குக் கால்வாய்ப் பக்கம் கம்பி தளந்து கெடக்கு, அப்படியே வந்துரு. அரிசி மட்டும் எடுத்தாராத" என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினேன். அரிசி கொண்டுவந்தால் காட்டிலிருப்பவர்களுக்கென்று பிடித்துப்போவார்களெனத் தெரிந்த எனக்கு, கம்பி விஷயத்தில் அந்தப் புத்தி இல்லை.

பட்டப்பகலில் பிடித்துவிட்டார்கள். கையில் சேலையும் வளையலும் இருந்தன.

கோலசிலாங்கூர் கோர்ட்டில் நான் பின்பெஞ்சில் இருந்தேன். அத்துமீறி நுழைந்த குற்றம். யார் வரச் சொன்னது என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

"யாரும் சொல்லலீங்க. நானாத்தான் வந்தேன்."

என் பக்கம் அவன் திரும்பவே இல்லை. என்னைக் காட்டிக்கொடுத்தால் அன்றைக்கே எங்களை லயத்தைவிட்டு விரட்டுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நான் எழுந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவில்லை. அவன் சிறைக்குப் போனான். வெளியே வந்தபோது வேலையும் போயிருந்தது. குச்சை வேறு யாரோ கட்டினார்கள்.

இப்போது புக்கிட் பெலிம்பிங்கில் எனக்குச் சொந்த வீடு. "நீங்க கூப்பிட்டு உள்ள வர்றவங்க மேல யாரும் அத்துமீறல் கேஸ் போட முடியாது லா, ஆன்ட்டி" என்கிறாள் பக்கத்து வீட்டு வக்கீல் பெண். தம்பிக்கும் அதைச் சொல்லிப் பார்த்தேன். கேட்பதாக இல்லை. கதவு திறந்தே கிடந்தாலும் ரோட்டிலேயே நிற்கிறான். தலையெல்லாம் நரைத்தவன், "அக்கா, வரலாமா?" என்கிறான். எனக்கு எரிச்சலும் அழுகையும் சேர்ந்து வருகிறது.

"வாடா, நான்தான் கூப்பிட்டேன்" என்று தெருவுக்கே கேட்கக் கத்துகிறேன். கோர்ட்டில் சொல்லியிருக்க வேண்டியது அது.