பையை விடாத யோக்கிம்

ரொறன்ரோவில் சின்ன பனித்தரை ஹொக்கி ரீம் ஒன்றின் உடுப்பு அறையில், பதினொரு வருசமாக இரத்தக்கறை கழுவுகிறவர் யோக்கிம். பெரிய ரீமில் ஆருக்கும் காயம் பட்டால் பதிலுக்கு இங்கேயிருந்துதான் ஆட்டக்காரனைக் கூப்பிடுவார்கள். கூப்பிட்ட அன்றைக்கே விளையாட்டுச் சாமான் பையோடு போக வேணும். பை கட்டிக் கொடுக்கிறது யோக்கிமின் வேலை.

அன்று மத்தியானப் போட்டியில் இளம் ஆட்டக்காரன் ஜெறோம் கையுறையை எறிந்துவிட்டு எதிர் ரீம்காரனோடு சண்டைக்குப் போனான். மூக்கு உடைந்தது. கடைசிக் குத்தில் ஹெல்மெட் பறந்து, பின்மண்டை பனியில் மோதியது. சனம் எழும்பிக் கூவியது. யோக்கிம் சிலுவை போட்டுக்கொண்டார்.

ஜெறோம் உள்ளே வந்து பல்லொன்றைத் துப்பினான்.

“அங்கிள், பெரிய ரீமில கூப்பிட்டிட்டாங்கள்! பையைக் கட்டுங்கோ.”

“இது எத்தினை விரல், ராசா?”

“நாலு.”

அவர் காட்டியது இரண்டு. யோக்கிம் பையின் மேல் குந்திவிட்டார்.

“டொக்டர் பாக்கட்டும். பிறகு கட்டுறன்.”

“டொக்டர் பாத்தா விடமாட்டார். எழும்புங்கோ, இல்லாட்டி அடிப்பன்!”

“அடி. எழும்பமாட்டன்.”

அடித்தான். உதடு கிழிந்தது. கொலரில் பிடித்து அலுமாரியோடு மோதினான். யோக்கிம் பையைக் கட்டிப்பிடித்தபடியே கிடந்தார். சத்தம் கேட்டு டொக்டர் ஓடிவந்து, ஜெறோமை ஆசுப்பத்திரிக்கு அனுப்பினார்.

பின்னேரம் அந்த இடத்துக்குப் போகிற வேறொருவனுக்குப் பை கட்டும்போது, யோக்கிம் வீங்கின வாயால் ஜெறோமுக்காக மாதாவை மன்றாடினார்.