கொடியில கொரங்கு வேண்டாம்னு சொன்ன பாப்பாயி

மலை மேல குண்டனி நாட்டுல பாப்பாயி வாயிக்குப் பயந்தவங்க பாதிப் பேரு, அவ கவண்கல்லுக்குப் பயந்தவங்க மீதிப் பேரு. ரெண்டுக்கும் பயப்படாதது கொரங்கு ஒண்ணுதான்.

அவ புருசன் சின்னுசாமி நல்லவன். நல்லவன்னா எப்படி? அண்ணந்தம்பிங்க பாகம் பிரிக்கையில சமமா இருந்த மண்ணையெல்லாம் அவங்க வெச்சுக்கிட்டு, சோலை ஓரத்துச் சரிவை இவன் தலையில கட்டுனாங்க. சரீங்கன்னு வாங்கிட்டு வந்துட்டான். அந்த மாதிரி நல்லவன். அந்தச் சரிவுல சாமை வெதைச்சா, கதிரு பால் புடிக்கறப்பவே கொரங்கு எறங்கிரும். தின்னுட்டுப் போனாக்கூடப் பொறுத்துக்கலாம். ஒரு கதிரை உருவும், உள்ளங்கையில தேய்க்கும், மோந்து பாக்கும், வீசிட்டு அடுத்ததைப் புடுங்கும். பாப்பாயி பரண்ல ஏறி உக்காந்து, விடிஞ்சதுல இருந்து பொழுது எறங்கற வரைக்கும் கவண் சுத்துவா. கல்யாணமாகி வந்த பத்து வருசமும் அவ பொழப்பு அதுதான். ஒரே பொண்ணு, அதையும் அந்தப் பரணுக்கு அடியிலதான் பெத்தா. வலி எடுத்தும் எறங்காம கல்லெறிஞ்சவ அவ.

வெள்ளக்காரனும் செருமங்காரனும் ரெண்டாவது சண்டை போடறதுக்கு முந்தின வருசம் நடந்ததைச் சொல்றேன். அதுக்கு முந்தின ஐப்பசியில அவளுக்கு மலைக்காச்சல் கண்டு பத்து நாள் படுத்துட்டா. எந்திரிச்சுப் போய்ப் பாத்தா காட்டுல தட்டைதான் நின்னுச்சு. இன்னொரு வருசம் இப்படிப் போச்சுன்னா ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போறதைத் தவிர வேற வழியில்ல. முன்னால போன ரெண்டு குடும்பமும் திரும்பியே வரலை.

அந்த வைகாசியில, மலையடிவாரத்துக் காரவள்ளியில மொளகு வாங்கற சேக் மைதீன் ஒரு சேதி சொல்லி உட்டாரு. ஆடிப் பதினெட்டுக்கு அறப்பளீசுரர் கோயிலுக்கு வாரப்ப, பக்கத்து நாட்டுக்காரங்க மயிலு எழுதுன கொடி புடிச்சு வரப் போறாங்களாம். உங்க நாட்டுக்கும் துணி நான் தாரேன், எழுதறவரும் எங்கூட்டுப் பக்கந்தான் இருக்காரு, என்ன மிருகம்னு மட்டும் சொல்லி உடுங்கன்னு.

நாட்டுப் பெரியவரு அர்த்தனாரிக்கு அதுக்கப்பறம் சோறு எறங்கலை. அவங்களுக்கு மயிலு, நமக்கு ஒண்ணுமில்லியான்னு மந்தையில நாட்டைக் கூட்டிட்டாரு.

மலையில ஒரு கட்டு உண்டு. எந்த உசிரை நாட்டுக்கு அடையாளம்னு எடுக்கறமோ, அது நம்ம கூடப் பொறந்த மாதிரி. அதை அடிக்கக் கூடாது, வெரட்டக் கூடாது, கண்ணி வெக்கக் கூடாது, திங்கவும் கூடாது. பேசறதெல்லாம் ஆம்பளைங்க. ஆனா சத்தியம் பொம்பளைங்க கையில. ஊட்டுக்கு ஒரு புடி சாமை கொண்டாந்து பொதுப் பானையில போடணும். அந்தப் பொங்கலை எல்லாரும் தின்னாத்தான் சத்தியம் செல்லும். ஒரு ஊட்டுப் புடி கொறைஞ்சாலும் அடுப்புப் பத்த வெக்க மாட்டாங்க.

மொதல்ல புலின்னாங்க. மாட்டைப் பறிகொடுத்தவங்க எந்திரிச்சு நின்னுக்கிட்டாங்க. பன்னி, மானு, மொசலு, உடும்பு எதுக்கும் யாரும் தலையாட்டலை. கறியை உடறதுக்கு எவனுக்கு மனசு வரும்? கரடின்னு சொல்ல ஒருத்தன் வாயெடுத்தான். கரடி கன்னத்தைக் கிழிச்ச சின்னராசு எதுத்தாப்புல உக்காந்திருக்கான். அவன் மூஞ்சியைப் பாத்துட்டு வாயை மூடிக்கிட்டான்.

கடைசியில அர்த்தனாரி, கொரங்குன்னாரு. அனுமாரு அம்சம், யாரும் திங்கறதில்ல, யாருக்கும் பொல்லாப்பு இல்லைன்னாரு. எல்லாரும் ஆமாம் போட்டாங்க. ஏன் போட மாட்டாங்க? அவங்க காடெல்லாம் ஊருக்கு உள்பக்கம், கொரங்கு அங்க வராது.

பாப்பாயி புருசன் முதுகுல ஒரு குத்துக் குத்துனா. அர்த்தனாரி கொரங்குலதான் வந்து நிப்பாருன்னு முன்னமே மோப்பம் புடிச்சு, எதுத்துப் பேசறதுக்கு அவனுக்கு வழி முழுக்கச் சொல்லிக் குடுத்துத்தான் கூட்டியாந்திருந்தா. எந்திரிச்சான், துண்டைக் கக்கத்துல வெச்சான், அர்த்தனாரி மூஞ்சியைப் பாத்தான். பெரியவங்க சொன்னாச் சரிதானுங்கன்னுட்டு உக்காந்துட்டான்.

பானையை வெச்சாங்க. பொம்பளைங்க ஒவ்வொருத்தியா வந்து புடியை உட்டாங்க. பாப்பாயி வந்து கையை விரிச்சா. உள்ள மணியே இல்லாத வெறும் பொக்கு.

"என்ன பாப்பாயி, பொக்கைக் கொண்டாந்திருக்க?"ன்னு கேட்டாரு அர்த்தனாரி.

"அதுதானுங்க மாமா ஊட்டுல இருக்குது. மணியெல்லாம் போன வருசமே உங்க புதுத் தம்பிமாருங்க தின்னுட்டாங்க."

மொதல்ல சிரிச்சவ அர்த்தனாரி பொண்டாட்டி மாதம்மாளேதான். அவரு மொறைச்சாரு, சாமி விசயத்துல வெளையாடாதன்னாரு.

"அனுமாரை நானும் கும்புடறேனுங்க. அவரு எங்காட்டுல வந்து கதிரு புடுங்குனதில்ல. இன்னைக்கு சத்தியம் பண்ணீட்டு நாளைக்குக் கல்லெறிஞ்சா எம்பொண்ணு வெளங்க மாட்டா. எறியாட்டி பட்டினி கெடப்பா. ரெண்டுல எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

அவ ஊட்டை உட்டுட்டுப் பொங்க முடியாது. அர்த்தனாரிக்கு ஆங்காரம் வந்து, அப்படின்னா நீயே ஒண்ணைச் சொல்லுன்னு எகத்தாளமாக் கேட்டாரு.

அவ அதை ரோசனை பண்ணியிருக்கல. சுத்தியும் பாத்தா. பொங்கலுக்கு நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு நாலஞ்சு நாய் படுத்திருந்துச்சு.

"நாய்"னு சொன்னா.

மந்தையே சிரிச்சுது. மயிலுக்கு எதுத்தாப்புல நாயைப் புடிச்சுக்கிட்டுப் போறதான்னு அர்த்தனாரி துண்டை ஒதறுனாரு. பாப்பாயி சிரிக்கலை. இதை யாராச்சும் திங்கறீங்களா, இது யாரு காட்டையாச்சும் மேஞ்சிருக்குதா, வேட்டைக்கு முன்னால போறது நீங்களா அதுவான்னு ஒவ்வொண்ணாக் கேட்டா. சிரிப்பு கொறைஞ்சுது. அப்பத்தான் சின்னராசு கன்னத்தைத் தடவிக்கிட்டே சொன்னான்.

"கரடி என்னை உட்டுட்டுப் போனது எம்மேல எரக்கப்பட்டு இல்லீங்க. எங்க நாய் அதோட பின்னங்காலைக் கவ்விப் புடிச்சுது. அது செத்துப் போச்சு, நான் இருக்கேன்."

எல்லாருக்கும் மூத்தவரு அப்பாசாமி, பைரவரு கிட்ட நிக்கறது எதுங்க, நாய்தானுங்களேன்னாரு. அர்த்தனாரியும் வேண்டாவெறுப்பாத் தலையாட்டுனாரு. தெனம் நாலு நாயை எத்தாம அவருக்குப் பொழுது விடியாது. இனிமே அவரு காலு பாடுதான் பெரும்பாடு.

பாப்பாயி நேரா ஊட்டுக்குப் போனா. சொரக்குடுக்கையில வெதைக்குன்னு தொடாம வெச்சிருந்த பழைய சாமையில ஒரு புடி அள்ளிக்கிட்டு வந்து பானையில உட்டா. ஊட்டுல பொக்குதான்னு சொன்னது சுத்தப் பொய். கேக்கறதுக்குத்தான் யாருக்கும் தைரியமில்ல.

காரவள்ளியில எழுதுனவரு நாயிக்குக் கன்னுக்குட்டிக் காதை வெச்சுட்டாரு. மயிலுக்காரங்க சிரிக்கத்தான் செஞ்சாங்க. சிரிச்சா என்ன, கொடி கொடிதான்.

அந்த ஐப்பசியிலும் கொரங்கு எறங்குச்சு. பாப்பாயி தோளு வீங்கற வரைக்கும் கல்லெறிஞ்சா. சாமை அறுத்து ஊடு வந்து சேந்துச்சு. வெதைக்கு எடுத்து வெச்சது போக, அடுத்த வெள்ளாமை வரைக்கும் மூணு பேரும் வயிறாரத் திங்க இருந்துச்சு. ஏற்காட்டுக்குப் போகலை.