காலாப்பட்டுக் கடலில் கேட்ட ஒலிபரப்பு

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். அதற்கெல்லாம் நேரமும் கிடையாது, தெம்பும் கிடையாது. நீங்களும் நம்ப வேண்டாம், கேட்டால் போதும்.

நெல்லித்தோப்பில் ஒரு மாடி அறையில் எங்கள் வானொலி ஓடுகிறது. சினிமாப் பாட்டே கிடையாது, நாட்டுப்புறப் பாட்டு மட்டும்தான் என்று கொள்கையோடு ஆரம்பித்தார்கள். நடவுப் பாட்டு, கூத்துப் பாட்டு, வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டு என்று ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்தோம். அப்புறம் விளம்பரம் நின்றது, ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். மிஞ்சியது அறிவிப்பாளரான நானும், கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் ராஜி அண்ணனும்தான். அறையைக் கூட்டுவதும் நான், மைக்கில் பேசுவதும் நான், அலுத்தேபோய்விட்டது.

ஆனாலும் மதியம் போடுகிற அம்பாப் பாட்டு நிகழ்ச்சியை மட்டும் விட மனசு வரவில்லை. காலாப்பட்டு மீனவர்கள் போட்டில் ரேடியோவைக் கட்டிவைத்துக் கேட்பார்கள், என் தம்பி செல்வமும் அதில் ஒருவன். வீட்டுப் பெண்கள் போன் பண்ணிப் பெயர் கொடுப்பார்கள், ஒவ்வொன்றாக வாசித்துவிட்டுத்தான் பாட்டைப் போடுவேன். காற்று மாறினாலும் அப்படித்தான், பெயர் சொல்லிக் கரைக்குக் கூப்பிடுவேன். தன் பெயர் வந்தால்தான் போட்டைத் திருப்புவது என்று அவர்களுக்கும் ஒரு பழக்கம், ஒரு பெருமை.

அன்றைக்கு ஒலிபரப்பே இல்லை. டிரான்ஸ்மிட்டர் கெட்டுப்போய், ராஜி அண்ணன் அதை பஸ்ஸில் சென்னைக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தார். யாரும் பெயர் கொடுக்கவும் இல்லை. எனக்கும் தொண்டை கட்டி, கரகரவென்றுதான் குரல் வந்தது. மதியம் திடீரென்று வானம் இருட்டியது, ஜன்னல் படபடவென்று அடித்தது. செல்வத்துக்குப் போன் போட்டேன், கிடைக்கவில்லை. உடனே பஸ் பிடித்துக் காலாப்பட்டுக்கு ஓடினேன்.

போய்ப் பார்த்தால் போட்டெல்லாம் கரையில் நிற்கிறது. செல்வம் நனைந்துபோய் ஓடி வந்தான்.

"ஏன்க்கா அப்டி கத்துன? பயந்தே பூட்டோம்."

"யார்ரா கத்துனது?"

"நீதான், ரேடியோவுல. பேர் பேரா சொல்லி வாங்க வாங்கன்னு கூப்ட்டியே. அப்பறம் பாட்டு கூட போட்டியே."

"டிரான்ஸ்மிட்டரே ஊர்ல இல்லடா!"

அவன் மட்டுமல்ல, கரையில் நின்ற அத்தனை பேரும் கேட்டிருக்கிறார்கள். முத்துவேல் மாமா போட்டு மட்டும் வரவில்லை. அவர் தனியாகப் போயிருந்தார்.

"வர்ற வழியில அவருக்கு சத்தம் குடுத்தேன்க்கா," என்றான் செல்வம். "எம் பேரு இன்னும் வர்லடா, வந்ததும் வர்றேன்னு சிரிச்சாரு."

போட்டு மட்டும் கிடைத்தது.

அவர் மனைவி அஞ்சலை அக்கா என்னிடம் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் தேவலை.

"எல்லாரையும் கூப்ட்டியேம்மா, அவர ஏன் உட்டுட்ட?" என்று மட்டும் கேட்டார்.

நான் பேசவே இல்லை என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். அவருக்கு அது காதில் ஏறவில்லை. எனக்கும் சொல்லிச் சொல்லிச் சலித்துவிட்டது. டிரான்ஸ்மிட்டர் திரும்பி வந்த நாளிலிருந்து, மற்றப் பெண்களோடு அவரும் மதியம் போன் பண்ணி, "எங்க வூட்டுக்காரர் பேரையும் சேத்துக்கம்மா" என்கிறார்.

இன்றைக்கும் வாசித்தேன்.