பூட்டிய கேற்றுக்குள் ஒரு விமானம்

உடுப்பிட்டியில் அந்த வீட்டுக்கு நான் போவது அன்ரி சந்தைக்குப் போகும் நாட்களில் மட்டும். என்னை உள்ளே விட்டு, கேற்றை வெளியில் பூட்டித் திறப்பைக் கொண்டுபோவார். எனக்காகப் பூட்டுவதில்லை. அவருடைய தகப்பனுக்கு இப்போது ஞாபகம் தவறுகிறது. கேற் திறந்து கிடந்தால் ஐயா பருத்தித்துறை றோட்டால் நடந்துவிடுவார்.

"நான் வரமுதல் உங்கடை பிளேன் கதையை முடிச்சுப்போடுங்கோ. என்ரை காதிலை ஒண்டும் விழக்கூடாது. ஓமோ?"

"ஓம் அன்ரி."

"உவருக்குப் பிளேன் எண்டாச் சோறும் வேண்டாம். உமக்கும் அப்பிடித்தான் போல."

இதற்குச் சம்மதிக்க வைக்கவே நான் பலமுறை கெஞ்சவேண்டியிருந்தது. அன்ரி சிறுமியாக இருந்த காலத்தில் பங்கர்க் குழிக்குள் கிடந்து குண்டுவீச்சு விமானங்களின் சத்தம் கேட்டவர். ஐயாவோ அதற்கு வெகுகாலம் முன்பு, விமானப்படை புதிதாக இருந்த நாட்களில், முன்னால் விசிறி சுழலும் விமானங்களுக்குக் கீழே நின்று வேலை செய்தவர். சண்டை தொடங்குமுன்பே விலகி ஊருக்கு வந்துவிட்டார்.

எனக்கு அந்த விமானங்கள் என்றால் பைத்தியம். அவற்றின் படங்கள் இணையத்தில் குவிந்து கிடக்கின்றன. ஓட்டியவர்களின் பெயர்களும் கிடைக்கும். சக்கரத்துக்குக் கட்டை வைத்தவன், ஒயில் துடைத்தவன், விசிறியைக் கையால் சுற்றிவிட்டவன், இவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. எனக்கு எட்டும் தூரத்தில் இருந்த ஒரே ஒருவர் ஐயா. அவரும் கிழமைக்குக் கிழமை கரைந்துகொண்டிருந்தார். போன கிழமை அவரே சொன்னதை இந்தக் கிழமை கேட்டால், "அதார் தம்பி சொன்னது?" என்பார்.

அதனால்தான் சத்தத்தைக் கொண்டுபோனேன். பழைய எஞ்சின் ஒன்று ஸ்ரார்ட் ஆகும் பதிவு.

முதலில் போனில் மெதுவாகப் போட்டேன். ஐயா தலையைச் சரித்துக் கேட்டார். "கூட்டு தம்பி. உது நுளம்பு இரையிற மாதிரிக் கிடக்கு."

கமெராவை ஓடவிட்டு, சின்ன ஸ்பீக்கரில் முழுச் சத்தத்தில் போட்டேன். எஞ்சின் இருமியது, தடுமாறியது, பிடித்துக்கொண்டது. ஐயா கதிரையை விட்டு எழுந்துவிட்டார்.

"கீழ்ச் சிலிண்டருக்குள்ளை ஒயில் இறங்கி நிக்கும். முதல் கையாலை சுத்தோணும். கை தடக்கினா விட்டிடோணும். பலவந்தம் பண்ணினியோ, உள்ளுக்கை முறிஞ்சுது!"

அவ்வளவு நீளமாக அவர் கதைத்ததை நான் அதற்குமுன் கேட்டதில்லை. அப்போது கேற்றடியில் ஏதோ விழுந்தது.

அன்ரி. நினைத்ததைவிட வேளைக்கே திரும்பிவிட்டார். கம்பிக்கு அப்பால், மதிலோடு ஒட்டி, முகத்தைப் புழுதியில் வைத்து, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குப்புறக் கிடந்தார். பையிலிருந்த கத்தரிக்காய் ஒழுங்கைப் பாதையெல்லாம் உருண்டது. திறப்பு அவரிடம். மதில்மேல் கண்ணாடித் துண்டுகள். நான் கம்பியைப் பிடித்து உலுக்கி "அன்ரி, அன்ரி" என்று கத்தினேன். எஞ்சின் எனக்குப் பின்னால் ஓடிக்கொண்டேயிருந்தது. அதை நிறுத்த எனக்குத் தோன்றவேயில்லை.

ஐயா வந்தார். என்னைப் பார்த்து, விறைத்த விரல்களைத் தொண்டைக்குக் குறுக்கே ஒருமுறை இழுத்தார். எஞ்சினை நிற்பாட்டு என்று தரையில் நிற்பவன் ஓட்டுபவனுக்குக் காட்டும் சைகை. ஓடிப்போய் நிறுத்தினேன்.

அன்ரி எழும்பிப் புழுதியிலேயே இருந்தார். கேற்றைத் திறக்கவில்லை.

"அது வேறை பிளேன், பிள்ளை," என்றார் ஐயா. "நான் அப்ப விட்டிட்டு வந்திட்டன்."

"சத்தம் எல்லாம் ஒண்டுதானே, அப்பா."

நாங்கள் உள்ளே நின்றோம், அவர் வெளியே இருந்தார். திறந்தபோது என்னிடம் ஒன்றுதான் சொன்னார்: "வாறதெண்டா வாரும். அந்தச் சத்தம் இந்த வளவுக்குள்ளை வேண்டாம்."

அடுத்த கிழமையும் பூட்டிவிட்டுத்தான் போனார். எதைக் கேட்டாலும் ஐயா கேற்றைப் பார்த்தார். பிறகு, தானாகவே முற்றத்தில் இறங்கி நின்று, கைகளால் தொடங்கினார். கட்டை வை. விசிறியைச் சுற்று. விலகு. பெருவிரல் மேலே. கட்டையை எடு. நான் படம் பிடித்தேன். காகச் சத்தம் மட்டும் பதிவாகியிருக்கிறது.

கடைசியில் கை தொண்டைக்குக் குறுக்கே போனது. அவருக்குப் பின்னால், கம்பிக்கு அப்பால், அன்ரி நின்றார். எப்போது வந்தாரோ தெரியாது. திறப்புக் கையிலேயே இருந்தது.

முடித்துவிட்டதை ஐயா மறந்துபோனார். குனிந்து, திரும்பவும் கட்டையிலிருந்து தொடங்கினார். அன்ரி திறக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார்.