மண்ணுக்கடியில் ஒரு நீச்சல் குளம்

ஆர்லீன் டிப்டன் சிறுமியாக இருந்தபோது, கறுப்பினப் பிள்ளைகளும் நீச்சல் குளத்தில் இறங்கலாம் என்று நீதிமன்றம் சொன்னது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் இருந்த அவரது ஊரின் நகராட்சியோ அவர்களை இறங்கவிட மனமில்லாமல், லாரி லாரியாக மண்ணைக் கொட்டிக் குளத்தையே மூடிவிட்டது.

பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற ஆர்லீன், குளத்தை ஒட்டிய கட்டடத்தில் கறுப்பர் வரலாற்று அருங்காட்சியகம் தொடங்கினார். தேவாலயத்துப் பாடகிகளைச் சேர்த்துக்கொண்டு, குளத்தை மூடிய மண்ணைத் தோண்டினார். வேலியோரம் ஒரு வெள்ளைக்காரர் நின்றார்.

"பழைய அசிங்கத்தை எதுக்கும்மா கிளறுறீங்க?"

"மூடி வெச்சா மட்டும் நாறாதா? சும்மா நிக்காம மண்வெட்டியை எடுங்க!"

முணுமுணுத்தபடியே அவரும் தோண்டினார்.

திறப்பு விழாவில் குளம் தளும்பியது. மேயரின் பேச்சு முடிவதாக இல்லை. ஆர்லீனுக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் நின்ற தங்கையிடம் திரும்பினார்.

"லூவெல்லா, என் பையைப் பிடி."

"ஐயோ அக்கா, உனக்கு நீச்சலே தெரியாதே!"

"இடுப்பளவுத் தண்ணிதான்டி!"

தேவாலயத் தொப்பியும் மஞ்சள் கவுனுமாகத் தொப்பென்று குதித்தார். மேயர் தொப்பலாக நனைந்தார். பையை வீசிவிட்டுத் தங்கையும் குதித்தாள். பின்னாலேயே பாடகிகள் அத்தனை பேரும் கூச்சலிட்டபடி விழுந்தார்கள்.

"மேயரய்யா, மீதியை உள்ள வந்து பேசுங்க!" என்று கத்திய ஆர்லீனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. மேயர் ஷூவைக் கழற்றத் தொடங்கினார்.