துவக்குக்குத் தைத்த கன்னத் திண்டு

மூன்று வருடங்கள் நான் கலைப்பவனாகவே இருந்தேன். ஜெர்மனியில் எங்கள் ஊர்க் காட்டில் குளிர் தொடங்கும்போது காட்டுப்பன்றி வேட்டை நடக்கும். செம்மஞ்சள் அங்கி போட்டுக்கொண்டு முட்பற்றைக்குள் நுழைந்து, சத்தம் போட்டு, பன்றிகளைக் கிளப்பிச் சுடுபவர்களின் பக்கம் ஓட்டுவது கலைப்பவரின் வேலை. ஜெர்மன்காரர்கள் "ஹொப், ஹொப்" என்பார்கள். அவசரத்தில் எனக்கு அது வாயில் வராது. "போ! போ! எட்டப் போ!" என்றுதான் கத்துவேன். இரண்டாம் வருடமே மற்றக் கலைப்பவர்களும் "போ, போ" என்று கத்தத் தொடங்கிவிட்டார்கள். சொல்வதற்கு இலகு, பன்றிக்கும் விளங்குகிறது என்றார்கள்.

பிறகு வேட்டை அனுமதிப் பரீட்சையில் சித்தியடைந்தேன். வேட்டையை நடத்தும் ஜெர்மன்கார அம்மா தன்னுடைய பழைய துவக்கை எனக்கு விற்றார். அந்த வருடம் என்னை முதன்முதலாகச் சுடுபவனாக அழைத்து, ஏழாம் இலக்கப் பரணையும் ஒதுக்கினார். நிபந்தனைகள் இரண்டு. சனிக்கிழமை வேட்டைக்கு முன், வியாழக்கிழமை சூட்டுப் பயிற்சி நிலையத்தில், தண்டவாளத்தில் ஓடும் பன்றிப் படத்தை ஐந்து சூட்டில் மூன்று தரமாவது அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் மறுபடி செம்மஞ்சள் அங்கி. மற்றது துவக்கின் கட்டையைப் பற்றியது. தோளில் முட்டுக்கொடுத்துக் கன்னம் சாய்க்கும் அந்தப் பகுதி நல்ல வால்நட் மரம்.

"இதிலை நீ ஒரு ஓட்டை போட்டால், உன்னிலை நான் ஒரு ஓட்டை போடுவன்" என்றார். அவர் ஜெர்மனில் சொன்னதை என் காது இப்படித்தான் எழுதிக்கொண்டது. வேட்டைக்காரர்கள் தமக்குள் நீங்கள் போடாமல் நீ என்றுதான் பேசுவார்கள்.

பிரச்சினை, நான் பூட்டிய தொலைநோக்கி சற்று உயரம். அதற்குள் பார்க்கத் தலையைத் தூக்கினால் கன்னம் கட்டையை விட்டுக் கிளம்பி அந்தரத்தில் நின்றது. கன்னம் ஒவ்வொரு தரமும் ஒவ்வோர் இடத்தில் நின்றால் குண்டும் அப்படியே போகும். கன்னத்தைத் தாங்க, துளையிடாமல் பட்டியால் கட்டும் திண்டுகள் கடையில் உண்டு. ஆனால் அவை பொது அளவில் வருபவை. என் கன்னம் பொதுக் கன்னம் அல்ல. நான் தொழிற்சாலையில் உதிரிப் பாகங்களை அளந்து பார்க்கும் பகுதியில் வேலை செய்கிறேன். கன்னத்தை அளக்க எனக்குத் தெரியாதா?

அளக்கும் நாளில் முதலில், குண்டை உள்ளே தள்ளிப் பூட்டும் இரும்புத் தண்டான போல்ட்டைக் கழற்றிப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினேன். வீட்டில் துவக்கை வெளியே எடுத்தால் அதுதான் என் முதல் வேலை. போல்ட் இல்லாத துவக்கு ஒரு தடிக்குச் சமம். பிறகு கதிரையில் நிமிர்ந்து இருந்து, கண்ணை மூடி, கட்டையில் கன்னத்தைச் சாய்த்து, பிறகு கண்ணைத் திறந்து, தொலைநோக்கிக்குள் தெரியும் உயரத்துக்குத் தலையைத் தூக்கி, அப்படியே அசையாமல் இருந்தேன். கன்னத்துக்கும் கட்டைக்கும் நடுவில் மனைவி பியர்க் குவளைக்குக் கீழே வைக்கும் அட்டைகளை ஒவ்வொன்றாகச் செருகினாள்.

"என்னப்பா இது? இரவிலை தலைக்கு ஒரு தலையணை காணாதெண்டு, பகலிலை கன்னத்துக்கும் ஒண்டோ?"

"கதையாதை. சிரிச்சால் கன்னம் ஏறுது."

ஐந்து தரம் அளந்தோம். ஒவ்வொரு தரமும் பன்னிரண்டு அட்டை. ஓர் அட்டை 1.4 மில்லிமீற்றர். ஆக 16.8. குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடிட்டேன்.

கூடாரத்துக்குள் விரிக்கும் பழைய பஞ்சு விரிப்பை வெட்டி, அடுக்கி ஒட்டி, கட்டையின் வளைவுக்கு அரத்தாள் போட்டுத் தேய்த்தேன். மேலே சுற்றுவதற்கு மனைவி சட்டை தைத்து மிஞ்சிய பட்டுத் துணி தந்தாள். காட்டுக்குப் பொருத்தமான பச்சை. ஆனால் முழுக்கச் சரிகை மாங்காய்.

"மாங்காயை உள்ளுக்கு விட்டுத் தை."

"உள்ளுக்கு விடுறதுக்கோ அவ்வளவு காசு குடுத்து வாங்கினது? வெளியிலைதான் இருக்கும்."

இருந்தது. இரண்டு வெல்க்ரோப் பட்டிகளால் கட்டையைச் சுற்றிக் கட்டினேன். துளை இல்லை, பசை இல்லை. கன்னத்தை வைத்தேன், பூட்டுக்குள் திறப்பு விழுந்த மாதிரி இருந்தது.

வியாழக்கிழமை நிலையத்துக்குப் போனேன். மேசையில் துவக்கை வைத்தேன். வேட்டை அம்மா பக்கத்தில் நின்றார். மாங்காய்களைப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். நான் போல்ட்டை எடுத்துப் பின்பக்கமாகத் துவக்குக்குள் தள்ளினேன். போகவில்லை. திருப்பித் தள்ளினேன். திண்டில் முட்டி நின்றது.

போல்ட் நுழைகிற வழியில், அதற்கு நேர் எதிரே, 16.8 மில்லிமீற்றர் உயரத்தில் என் திண்டு உட்கார்ந்திருந்தது.

"வடிவாய்த்தான் இருக்கு" என்றார் அம்மா. "பன்றிக்குக் காட்டப் போறியோ, பன்றியைச் சுடப் போறியோ?"

திண்டைப் பின்னால் தள்ளிக் கட்டிப் பார்த்தேன். போல்ட் நுழைந்தது, ஆனால் என் முகமும் பின்னால் போய்விட்டது. தொலைநோக்கிக்குள் கறுப்பு வளையம். மனைவிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அளக்கேக்கை அந்தப் போல்ட் எங்கை இருந்தது?"

"பெட்டகத்துக்குள்ளை."

"எத்தினை தரம் அளந்தனீங்கள்?"

"ஐஞ்சு தரம்."

"ஆறாந்தரம் அதையும் போட்டிட்டு அளந்திருக்கலாமே! சரி, முன்பக்கத்தை வெட்டுங்கோ. வெட்டேக்கை மாங்காயைப் பார்த்து வெட்டுங்கோ."

அம்மா தன் வேட்டைக் கத்தியை நீட்டினார். நான் சட்டைப்பையிலிருந்து அடிமட்டத்தை எடுத்தபோது அவர் வானத்தைப் பார்த்தார். அளந்தேன்: முன்னாலிருந்து 41 மில்லிமீற்றர். நல்லகாலம், முன்பட்டி அதற்குப் பின்னால் இருந்தது. வெட்டினேன். கோடு ஒரு மாங்காயின் நடு வயிற்றால் போனது. போல்ட் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. வெட்டிய துண்டைச் சட்டைப்பையில் வைத்தேன். எதையும் எறிவது எனக்குப் பழக்கமில்லை.

படப்பன்றி ஓடியது. ஐந்து சூடு. கன்னம் ஒவ்வொரு தரமும் அதே இடத்தில் போய் இருந்தது. அம்மா படத்தைத் தருவித்து எண்ணினார். பிறகு என் முகத்தை நெருங்கிப் பார்த்தார்.

"பன்றியிலை நாலு. கன்னத்திலை ஒண்டு."

கைபேசியில் பார்த்தேன். வலக் கன்னத்தில் சரிகை மாங்காய் ஒன்று, வால் நுனி வரை சுத்தமாகப் பதிந்திருந்தது. சான்றிதழில் கையெழுத்து விழுந்தது.

சனிக்கிழமை ஏழாம் பரணில் ஏறினேன். திண்டைச் சரிபார்த்தேன், போல்ட்டைச் சரிபார்த்தேன், இரண்டையும் சேர்த்துச் சரிபார்த்தேன். ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு பற்றை அசைந்தது. பெரிய பன்றி ஒன்று வெளியே வந்து நின்றது. கன்னத்தை வைத்தேன். வளையம் இல்லை, எல்லாம் தெளிவு. அப்போது தூரத்தில் கலைப்பவர்கள் வந்தார்கள். பத்து ஜெர்மன்காரர்கள் ஒரே குரலில்: "போ! போ!"

மூன்று வருடப் பழக்கம். என் வாய் என்னைக் கேட்கவில்லை.

"எட்டப் போ!" என்று கத்தினேன்.

பன்றி என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, சொன்னபடி எட்டப் போனது.

பின்னேரம் எல்லோரும் நெருப்பைச் சுற்றி நின்றபோது அம்மா கேட்டார், ஏழாம் பரண் பக்கம் வந்த பன்றியைத் துரத்தியது யார் என்று. கலைப்பவர்கள் பத்துப் பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். குரலை அடையாளம் தெரியாதவர் எவருமில்லை.

"அடுத்த வருஷம் அங்கியோ?" என்று கேட்டேன்.

"இல்லை. நாலு அடிச்சனி, பரண் உனக்குத்தான்" என்றார். "ஆனால் அண்டைக்கு வெட்டின துண்டை எறிஞ்சிடாதை. வாய்க்குள்ளை வைச்சுக்கொண்டு ஏறு."

அதை எறியவில்லை. மேசை லாச்சியில் இருக்கிறது. மேலே சீட்டு ஒட்டி எழுதியிருக்கிறேன்: வாய்த் திண்டு, 41 மில்லிமீற்றர், அரை மாங்காய்.